நெடுவாசல் முதல் ராமநாதபுரம் வரை: எரிவாயுத் திட்டங்களும் இளைஞர்களின் எதிர்ப்பும்

‘ஹைட்ரோகார்பன்’ என்ற சொல் தமிழக வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது 2017 பிப்ரவரியில்தான். அதுவரை அது வேதியியல் பாடப் புத்தகத்துக்குள் இருந்த சொல். 2017 பிப்ரவரி 15 அன்று பொருளாதார விவகாரங்களுக்கான மத்திய அமைச்சரவைக் குழு, நாடு முழுவதும் 31 ஒப்பந்தப் பகுதிகளில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க நிறுவனங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அந்தப் பட்டியலில் காரைக்கால் இருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்திலுள்ள நெடுவாசலும் இருந்தது. நெடுவாசலைப் பெற்றது கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் என்ற தனியார் நிறுவனம். மறுநாளே ஊர் திரண்டது.

அந்தப் போராட்டத்தைப் பற்றி இன்று பேசுகிறவர்களில் பலர், ‘மக்கள் எதிர்த்தார்கள், அரசு பின்வாங்கியது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடந்தது அவ்வளவு எளிதல்ல. எந்தத் திட்டம் நின்றது, எது இன்னும் நிற்கவில்லை, எந்த அரசாணையால் அல்லது சட்டத்தால் நின்றது, அந்தச் சட்டம் எந்த மாவட்ட எல்லையோடு முடிகிறது என்று பார்த்தால்தான் முழு விவரம் புரியும். முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை என நம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் பல இந்த எல்லைக்கு உள்ளே இருக்கின்றன. கீழக்கரையும் பெரியபட்டினமும் வெளியே இருக்கின்றன. இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாது.

மீத்தேன் வேறு, எண்ணெய்க் கிணறு வேறு

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் வேலை புதிதல்ல. ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 1960-களிலிருந்தே அங்கு துளையிட்டு வருகிறது. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை 1993-ல் செயல்படத் தொடங்கியது. பல ஆண்டுகள் இதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை.

நிலைமையை மாற்றியது மீத்தேன் திட்டம். 2010 ஜூலையில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. ‘மன்னார்குடி பிளாக்’ என்று பெயரிட்ட அந்தப் பகுதியின் பரப்பு 691 சதுர கிலோமீட்டர். அங்கே நிலத்தடியில் பழுப்பு நிலக்கரிப் படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்தில் மீத்தேன் வாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அங்கே பிடித்து வைத்திருப்பது நீரின் அழுத்தம். ஆகவே வாயுவை எடுக்க வேண்டுமானால் முதலில் அந்த நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். கடலுக்குப் பக்கத்திலுள்ள சமவெளியில் நிலத்தடி நீரை இப்படி இறைத்தால், காலியாகும் இடத்துக்குக் கடல்நீர் உள்ளே வரும் அபாயம் உண்டு. இறைத்த உப்பு நீரை எங்கே விடுவது என்பது அடுத்த கேள்வி. காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நடவு செய்யும் விவசாயிக்கு இது விளங்க நெடுநேரம் ஆகவில்லை.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அவர்கள் ஊர் ஊராகச் சென்று இதை விளக்கினார். பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில், அந்தப் பிரச்சாரப் பயணத்தின்போதே, 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். அவரோடு நடந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 2015 அக்டோபரில் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிராகரித்தது.

நெடுவாசலுக்கு எண்ணெய்த் திட்டம் வந்தபோது, மத்திய அரசுத் தரப்பு ‘இது மீத்தேன் திட்டம் அல்ல’ என்றது. ஒரு வகையில் அது சரிதான். ஆழத்திலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கும் வழக்கமான கிணற்றுக்கு அப்படி நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை. அதன் ஆபத்துகள் வேறு வகையானவை: துளையிடும்போது வெளிவரும் ரசாயனச் சேறு, குழாய்க் கசிவு, எரியவிடும் வாயு, விபத்து. ஆந்திராவின் கோதாவரிப் படுகையில் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

போராட்டத் தரப்பிலும் சிலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசினார்கள். வாட்ஸ்அப்பில் மிகைப்படுத்தல்களும் சுற்றின. அது எதிர்த்தரப்புக்கே உதவியது. விவரம் அறிந்த இளைஞர்கள் வேறொரு பதிலைக் கண்டுபிடித்தார்கள். 2016-ல் வந்த புதிய கொள்கைப்படி, எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு என அனைத்துக்கும் ஒரே உரிமம். அப்படியானால் இன்று எண்ணெய்க்கென்று வாங்கும் உரிமத்தில் நாளை எதை வேண்டுமானாலும் எடுக்கலாமே என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் வரவில்லை.

நெடுவாசலில் நடந்தது

2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர் கூட்டம் கலைந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. கைப்பேசியில் இணைந்திருந்த அதே நண்பர் குழுக்கள் நெடுவாசலுக்குத் திரும்பின. கல்லூரி மாணவர்கள், மென்பொருள் ஊழியர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் என்று பல தரப்பினர் வந்தனர். ஆனால் போராட்டத்தைத் தாங்கியது வெளியூர்க் கூட்டம் அல்ல. வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டதும், பகல் முழுக்கப் பந்தலில் உட்கார்ந்திருந்ததும், வேலைக்குப் போகாமல் கூலியை இழந்ததும் அந்த ஊர் மக்கள், குறிப்பாகப் பெண்கள்.

22 நாட்களுக்குப் பிறகு, அரசின் உறுதிமொழியை நம்பி மார்ச் 9 அன்று போராட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே மாதம் 27-ம் தேதி டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 12 அன்று ஊர் மீண்டும் பந்தலுக்கு வந்தது. இம்முறை 174 நாட்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் முதல் கட்டத்தில் நின்ற அளவுக்கு இரண்டாம் கட்டத்தில் நிற்கவில்லை. என்னைக் கேட்டால் நெடுவாசலின் உண்மையான போராட்டம் இந்த இரண்டாவதுதான்.

திட்டம் எப்படி நின்றது? நிலப்பரப்பில் எண்ணெய் எடுக்க மத்திய அரசு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தாலும், அந்த இடத்துக்கான உரிமத்தையும் சுரங்கக் குத்தகையையும் வழங்குவது மாநில அரசு. நெடுவாசலுக்கான குத்தகையை மாநில அரசு ஜெம் நிறுவனத்துக்கு மாற்றித் தரவில்லை. கையில் ஒப்பந்தம் இருந்தும் நிறுவனத்தால் வேலையைத் தொடங்க முடியவில்லை. டெல்லியை அசைக்க முடியாத ஒரு கிராமம், சென்னையில் ஒரு கையெழுத்து விழாமல் தடுத்தது என்று சொல்லலாம். கடலுக்குள் தோண்டும் திட்டங்களில் மாநில அரசுக்கு இந்த அதிகாரம் கிடையாது என்பதை மீனவ மக்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கதிராமங்கலமும் ஒரு மாணவியின் சிறைவாசமும்

தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. கிணறுகள் ஏற்கெனவே இருந்தன. 2017 ஜூன் 30 அன்று அங்கே குழாய் உடைந்து வயலில் எண்ணெய் கசிந்தது. மாவட்ட ஆட்சியர் நேரில் வரவேண்டும் என்று மக்கள் உட்கார்ந்தார்கள். வைக்கோலில் தீ வைக்கப்பட்டது. யார் வைத்தது என்பதில் இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டின. தடியடி நடந்தது. மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்ட பத்துப் பேர் கைதாகி, வாரக்கணக்கில் சிறையில் இருந்தனர்.

அடுத்த மாதம் சேலத்தில், பெரியார் பல்கலைக்கழக மாணவி வளர்மதி, நெடுவாசலுக்கும் கதிராமங்கலத்துக்கும் ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்ததற்காகக் கைதானார். அவர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் போடப்பட்டது. விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்க வழிசெய்யும் சட்டம் அது. செப்டம்பர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. நீதிமன்றம் நீதி வழங்கிவிட்டது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் துண்டுக் காகிதம் கொடுத்த ஒரு பெண் பிள்ளை அதற்குள் ஏறத்தாழ எட்டு வாரங்களைச் சிறையில் கழித்துவிட்டாள். தம் பிள்ளைகள் இத்தகைய போராட்டங்களுக்குப் போகும்போது பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 2021-ல் மாநில அரசு மீத்தேன் எதிர்ப்பு, குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பு உள்ளிட்ட அறவழிப் போராட்டங்களில் பதிவான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதுவரை பலர் நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டுதான் இருந்தார்கள்.

2020 சட்டம் எதுவரை செல்லும்?

2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு ‘ஆய்வு’க் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் இனி வேண்டியதில்லை என்பது அதன் சாரம். டெல்டா மீண்டும் கொதித்தது. பிப்ரவரி 9 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்படும் என்று அறிவித்தார். பிப்ரவரி 20 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது.

தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் (இன்றைய மயிலாடுதுறை அதில் அடங்கியிருந்தது) ஆகிய மாவட்டங்கள் முழுமையாகவும், கடலூரில் ஐந்து ஒன்றியங்களும் புதுக்கோட்டையில் ஐந்து ஒன்றியங்களும் இதில் வந்தன. கடலூரில் பரங்கிப்பேட்டை ஒன்றியம் உண்டு. புதுக்கோட்டையில் நெடுவாசல் அமைந்த திருவரங்குளம் ஒன்றியமும், மணமேல்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், கறம்பக்குடி ஒன்றியங்களும் உண்டு. இந்த எல்லைக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு தேடவோ எடுக்கவோ கூடாது. செம்பு உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவையும் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

‘புதிதாக’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே இருந்த கிணறுகளை அது தொடவில்லை. கதிராமங்கலத்துக் குழாய்கள் அப்படியேதான் இருக்கும். திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அப்போதே எழுந்தும் நிறைவேறவில்லை. 2023 மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலுள்ள பகுதி ஆகிய மூன்றும் இடம்பெற்றன. ஒரே வாரத்தில் ஊர்கள் திரண்டன, முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று அந்த மூன்றும் நீக்கப்படுவதாக மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். நெடுவாசலுக்கு மாதக்கணக்கில் ஆனது இங்கே பத்து நாட்களில் முடிந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் மக்களுக்குப் பழக்கம் வந்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

கிணற்றின் ஹரீம்

நம் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹனஃபி சட்ட நூலான ‘ஹிதாயா’வில், தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பது பற்றிய பாடத்தில் கிணற்றின் ‘ஹரீம்’ விவாதிக்கப்படுகிறது. ஒருவர் கிணறு வெட்டினால் அதைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுவரை வேறொருவர் கிணறு வெட்டக்கூடாது. கால்நடைகளுக்கு நீர் காட்டும் கிணறு என்றால் நாற்பது முழம். ஊற்று என்றால் ஐந்நூறு முழம். இரண்டாவது கிணறு முதல் கிணற்றின் தண்ணீரை இழுத்துவிடும் என்பது காரணம். ஒட்டகமும் பாலைவனமும் வரும் பாடம் என்பதால் மாணவர்கள் இதை விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம்.

ஹரீமுக்கு வெளியே ஒருவர் வெட்டிய கிணற்றால் முதல் கிணறு வற்றினால் அவர் மீது பொறுப்பில்லை என்பதும் அந்த விவாதத்தில் உண்டு. இதை வைத்து, ‘பக்கத்து நிலத்தில் கம்பெனி தோண்டினால் நமக்கென்ன உரிமை?’ என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் நாற்பது முழம் என்பது கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தின் அளவு. இயந்திரம் பல கிலோமீட்டர் தொலைவுக்கு நீர்மட்டத்தை இறக்கக்கூடிய காலத்தில், முழக்கணக்கைவிட அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நீர், மேய்ச்சல் புல், நெருப்பு மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்ற கருத்துள்ள நபிமொழியை அபூதாவூத் தொகுப்பில் காணலாம். எரிபொருள் பற்றிப் பேசும்போது அந்த ‘நெருப்பு’ என்ற சொல் யோசிக்க வைக்கிறது. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் வெளியிட்ட காலநிலைப் பிரகடனம், எண்ணெய் வளம் கொண்ட நாடுகளே முதலில் புகையைக் குறைக்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. வளைகுடா வருமானத்தில் வீடு கட்டிய நம் ஊர்களுக்கு இது சங்கடமான செய்திதான்.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு மாற்று

எங்கள் தேவிகாபுரம் போன்ற ஆரணிப் பட்டு வட்டார ஊர்களுக்கும் நெடுவாசலுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. இங்கே எண்ணெயும் இல்லை, மீத்தேனும் இல்லை. ஆனால் தறிக்குழிக்கு மேலே எரியும் விளக்குக்கு மின்சாரம் வரும் இடங்களில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களும் உண்டு. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்வரை மின்சாரம் இலவசம். விசைத்தறிக்கு 1,000 யூனிட். 2023-ல்தான் இது உயர்த்தப்பட்டது. நெசவாளிக்கு இந்தச் சலுகை இல்லாமல் பிழைப்பு இல்லை. அதன் விலையில் ஒரு பகுதியை எண்ணூரில் சாம்பல் படிந்த கழிமுகத்தில் மீன் பிடிப்பவர்கள் செலுத்துகிறார்கள்.

‘வேண்டாம் என்கிறீர்களே, வேறு என்ன வழி?’ என்று போராடும் இளைஞர்களிடம் கேட்கப்படுகிறது. அதற்கு எங்கள் மாவட்டத் தலைநகரிலிருந்தே ஒரு பள்ளி மாணவி பதில் தந்தார். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி போடுபவர்கள் கரியை எரித்துவிட்டு, எரிந்ததைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்து, பன்னிரண்டு வயதில் சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். வண்டியின் கூரையில் தகடு, கீழே பேட்டரி. ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் இஸ்திரி போடலாம். 2020-ல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார்.

பரிசுகளோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கரி வாங்க அன்றாடக் காசு போதும். தகடும் பேட்டரியும் வாங்க மொத்தப் பணம் வேண்டும். இஸ்திரிக்காரர் தயங்குவதற்குக் காரணம் அறியாமை அல்ல, முதல் தொகை இல்லாததுதான். ஜமாஅத்துகளின் பைத்துல்மால் நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாகத் தையல் இயந்திரம் வாங்கிக்கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்தப் பட்டியலில் இதுபோன்ற வண்டியையும் சேர்க்கலாம்; ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை என்றால் ஜகாத் நிதியில் அவருக்கே உடைமையாக்கியும் கொடுக்கலாம்.

வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். மெத்தை வீடும் அதிக மின்கட்டணமும் உள்ளவர்களுக்கு இது லாபம். ஓட்டு வீட்டில் இலவச யூனிட்டுக்குள் வாழும் நெசவாளிக்கு இப்போதைக்குப் பெரிய பயன் இல்லை.

ராமநாதபுரம்

இன்று இந்தப் பிரச்சினை உயிரோடு இருக்கும் இடம் ராமநாதபுரம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்கும் மாவட்டம் அது. அதே மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி அளித்தது. 2020 திருத்தத்தால் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவைப்படவில்லை. ஆகையால் ஊர்களுக்குச் செய்தி ஆகஸ்டில்தான் பரவலாகத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்ததும், தமிழகத்தில் எங்கும் ஹைட்ரோகார்பன் திட்டங்களை அனுமதிக்க மாட்டோம் என்று அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். அனுமதியைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளப்பட்டது.

அமைச்சரின் அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. ராமநாதபுரம் 2020 சட்டத்தின் எல்லைக்குள் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இந்தக் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. நெய்தல் நிலத்து மக்களின் பிழைப்பும் அங்கேதான். அந்த மாவட்டத்தையும் மண்டலத்தில் சேர்க்கச் சட்டத் திருத்தம் வேண்டும் என்பதுதான் அங்குள்ளவர்கள் முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.

கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லாத நிலையில், புதிய விண்ணப்பங்களை அறிய ஒரு வழி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளம். எந்த நிறுவனம், எந்தக் கிராமத்தில், எந்தப் புல எண்ணில் அனுமதி கேட்டிருக்கிறது என்ற விவரம் அங்கே பதிவாகிறது. ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஊரில் இருந்தால் மாதம் ஒருமுறை மாவட்டத்தின் பெயரைத் தேடிப் பார்த்து ஜமாஅத்திடமும் ஊராட்சித் தலைவரிடமும் சொல்லலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே நிறைவேறும் தீர்மானம் மட்டுமே ஒரு திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனால் வழக்கு என்று வரும்போது, ஊர் எந்தத் தேதியில் மறுப்புத் தெரிவித்தது என்பதற்கு அது எழுத்துச் சான்றாக நிற்கும். தீர்மானப் பதிவேட்டின் நகலைக் கையொப்பத்துடன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.